சென்னப்பட்டினத்தின் மறந்துபோன மாந்தர்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் இலக்கியப் பொருள் பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்திருந்தனர். யாம் அவர்களிடம் ஒரு மாற்றம் வேண்டினோம். நாடோறும் நாம் நடந்து செல்லும் தெருக்களில் எழுதியிருக்கும் பெயர்களைப்பற்றிப் பேச இசைவு கேட்டோம்; அவர்களும் மனமுவந்து இசைந்தனர். தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெரு, பெத்துநாயக்கன் பேட்டை, பவளக்காரத் தெரு என்று நம் வீட்டுக் குழந்தைகள் முகவரி எழுதுகின்றார்கள். அப்பெயருடையார் யாவர், என் செய்தார், எவ்வாறு வாழ்ந்து எவ்வாறு மாய்ந்தார் என்று வினவினால் விடைகூறுவார் மிகச் சிலர். சேர சோழ பாண்டியர் குலமுறையை ஒப்பிக்கும் பிள்ளைகள் தாம் பிறந்த நகரின் நானூறாண்டு வரலாற்றை அறியாதிருத்தல் நமக்கு அழகன்று.

இந்நகரின் பிறந்தநாள் என்று 1639-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22-ஆம் நாளைக் கொண்டாடுகின்றார்கள். அன்றுதான் தாமர்ல வேங்கடாத்திரி நாயகர் கடற்கரையோரத்து மணற்றிடல் ஒன்றைக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். பெற்றுக்கொண்டவர் துர்க்கராயபட்டினத்தில் கும்பினிக் காரியம் பார்த்த பிரான்சிஸ் டே என்பார். நாயகருடைய தந்தையாராகிய சென்னப்பர் பெயரால் ஊருக்குச் சென்னப்பட்டினம் என்று பெயராயிற்று. துறைமுகமோ, ஆழமான கழிமுகமோ இல்லாத கரை; அலையோ ஆளைப் புரட்டும். கயிற்றால் தைத்த மசூலாப் படகும் கட்டுமரமும் இன்றிக் கப்பலிலிருந்து ஒரு மூட்டையும் இறக்க இயலாது. இத்தகைய இடத்தை டே துரை ஏன் தெரிந்தெடுத்தார்? அண்மையிலுள்ள சாந்தோமில் அவருக்கு உவப்பான மங்கை ஒருத்தி இருந்தாள், அதனால்தான் என்று அக்காலத்தவரே நகையாடினர். துணி மலிவாகக் கிடைத்தது என்பதே கணக்குப் புத்தகத்துக் காரணம். யாம் துணியின் பக்கமே நிற்கின்றோம். ஆயினும் மங்கையின் கதையை விலக்கிவிட மனம் வரவில்லை.

டே துரைக்கும் அவர்க்கு மேலதிகாரியாகிய ஆண்ட்ரு கோகனுக்கும் பெருமையைக் கொடுத்துவிட்டு நூல்கள் நிற்கின்றன. அவர்களோடு வந்திறங்கிய நம்மவர் இருவர் உளர். ஒருவர் பேரி திம்மப்பர், துபாஷி. மற்றவர் நாகபட்டன், வெடிமருந்து செய்பவர். துபாஷி என்ற சொல் இருமொழியறிந்தவன் எனப் பொருள்படும். அவன் பணி மொழிபெயர்த்தலோடு முடிவதன்று. நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பதும், நாயகர் அவையில் பேசுவதும், துரைக்குக் கடன் வாங்கித் தருவதும், அக்கடனுக்குத் தானே பொறுப்பாவதும் அவன் தலைமேல் விழும். 1640-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், ஜார்ஜ் முனிவர் திருநாளன்று, கோட்டையின் முதற்பகுதி முடிந்து அவர் பெயர் பெற்றபொழுது, அதற்கு மருந்து இடித்தவன் பட்டனும் வாய் கொடுத்தவன் திம்மப்பனுமாக இருந்தனர். கோட்டையின் வடபால் எழுந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலைப்பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்திகள், 1646-இல் பட்டனும் 1648-இல் திம்மப்பரும் எழுதிவைத்த சாசனங்களிலிருந்து வருகின்றன.

அக்கோயில் இன்று அங்கில்லை. பிரெஞ்சுக்காரர் மீண்டும் வருவர் என்ற அச்சத்தால், கோட்டைக்கு முன்னே வெளி வேண்டுமென்று 1757-இல் கும்பினியார் அதனை இடித்தனர். அவ்விடத்தில் இன்று உயர்நீதிமன்றத்தின் செந்நிற மாடங்கள் நிற்கின்றன. மாற்று நிலம் 1762-இல் கொடுக்கப்பெற்றது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று பொருள் சேர்த்தும் தம்பொருள் ஈந்தும் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசருக்கும் அடுத்தடுத்து இரு கோயில்கள் எழுப்பினார். பூக்கடைப் பக்கம் போவோர் இன்றும் காணலாம். இம்முதலியாரே கவர்னர் பிகட் துரைக்குத் துபாஷி. அருணாசலக் கவிராயருடைய இராமநாடகக் கீர்த்தனையைப் போற்றிப் புரந்த வள்ளல்களுள் ஒருவரும் இவரே. பகல் முழுதும் பிகட் துரையின் கணக்கு, மாலையில் கவிராயரின் கீர்த்தனை என வாழ்ந்த அம்மனத்தை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு மேலிடுகின்றது.

இனி, கோட்டைக்குள் நடந்த ஒரு கூத்தைக் கேளுங்கள். 1665-ஆம் ஆண்டு சர் எட்வர்டு விண்டர் என்பாரை நீக்கி ஜார்ஜ் பாக்ஸ்கிராப்டு என்பாரைத் தலைவராக இலண்டனிலிருந்து அனுப்பினர். விண்டர் ஊரைவிட்டுப் போகவில்லை. பதவியிழந்தவர் அதே ஊரில் தங்கினால் என்னாகும் என்பது, சங்கங்கள் நடத்தும் நமக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. (நகைப்பு.) செப்டம்பர் 16-ஆம் நாள், புதிய தலைவர் அரசனை இகழ்ந்து பேசினார் என்று குற்றஞ்சாட்டிப் படையாட்களோடு பாய்ந்தார் விண்டர். கைகலப்பில் டாஸ் என்னும் உத்தியோகஸ்தர் உயிரிழந்தார்; பாக்ஸ்கிராப்டு காயமுற்றுத் தம் மகனோடு சிறைப்பட்டார். கொன்றவர், கொல்லப்பட்டவர், சிறையிருந்தவர் யாவரும் ஒரே கும்பினியின் சம்பளக்காரர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், ஆம், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், விண்டரே ஆண்டார். கப்பலில் கடிதம் போய் விடை வருவதற்கே ஓராண்டுக்கு மேல் ஆகும் காலம் அது. 1668 ஆகஸ்டில் இலண்டன் கப்பல்கள் வந்த பின்னரே பாக்ஸ்கிராப்டு விடுபட்டார். விண்டருக்குத் தண்டனை? ஒன்றுமில்லை. 1672 வரை இங்கேயே வணிகம் நடத்தித் தாயகம் திரும்பி 1686-இல் இறந்தார். இலண்டனையடுத்த பாட்டர்சீ கோயிலில் அவருக்கு எழுப்பிய நினைவுச் சின்னம், வெறுங்கையால் புலியைக் கொன்ற வீரர் என்று அவரைப் புகழ்கின்றது. பூட்டிவைத்த பாக்ஸ்கிராப்டைப்பற்றி அக்கல் வாய் திறக்கவில்லை. கல்லின்மேல் எழுதியதெல்லாம் மெய் என்று நம்பும் மாணாக்கர்க்கு இச்செய்தியை யாம் தவறாமற் கூறுவதுண்டு.

விண்டர் காலத்தில் தலையெடுத்த பெருவணிகர் காசி வீரண்ணர். வெள்ளையர் வாயில் அப்பெயர் 'காசா வெரோனா' ஆயிற்று. எழுத்தைமட்டும் பார்த்தால் இத்தாலியர் என்றே கருதத் தோன்றும். இவர் பலருடைய முதலை ஒன்றுகூட்டிப் பங்கு முறையில் ஒரு வணிகக் கூட்டு நடத்தினார். நம் நாட்டில் இம்முறையில் எழுந்த முதற் கூட்டுகளுள் ஒன்றாக அதனை ஆராய்ச்சியாளர் எண்ணுகின்றனர். கும்பினி வாங்கும் துணியெல்லாம் இவர் கைவழியே வந்தது. கோல்கொண்டா அரசாரிடம் சாந்தோமைக் குத்தகைக்கு எடுத்ததும் இவரே. வைணவரும் மகமதியரும் இவரைத் தம்மவராகவே கருதினர். மசூதி ஒன்று கட்டுவித்தார் என்பதும் வழிவழிச் செய்தி.

1680-இல் வீரண்ணர் இறந்தார். கோட்டைப் பீரங்கிகள் முழங்க உடல் எரியூட்டப்பெற்றது. இந்திய வணிகர் ஒருவருக்குக் கும்பினியார் அவ்வளவு மரியாதை செய்தது அரிது. ஆனால் அன்றைய நிகழ்ச்சியில் எம் நெஞ்சைத் தொடுவது பீரங்கி முழக்கம் அன்று. அவர் மனைவியருள் ஒருத்தி உடன்கட்டை ஏற முற்பட்டாள். கவர்னர் ஸ்டிரெய்ன்ஷாம் மாஸ்டர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. சென்னை இராசதானியில் உடன்கட்டையைத் தடுக்கும் சட்டம் வந்தது 1830-இல். அதற்கு நூற்றைம்பது ஆண்டு முன்னரே, ஒரு தனி மனிதனின் மறுப்பால் ஒரு பெண்ணுயிர் தீயினின்று நீங்கியது. அவள் தானே விரும்பி முற்பட்டாளா, சுற்றம் உந்தியதா, பின்னர் எங்ஙனம் வாழ்ந்தாள் என்ற கேள்விகள் எம்மை விட்டகலவில்லை. கணவன் பெயரை இருவகையாக எழுதிவைத்த வரலாற்று நூல்கள் அவளை 'வீரண்ணன் மனைவியருள் ஒருத்தி' என்று குறித்து அப்பாற் செல்கின்றன. தாய்மார்களே! உங்கள் முன்னிலையில் இதனை யாம் சற்று நின்று கூறுவதன் காரணம் உங்களுக்கே விளங்கும்.

பெத்துநாயக்கன் என்பது ஊர்க்காவற் பாளையக்காரரின் பெயர். அவர் தலையாரிகளை வைத்து இரவுக் காவல் புரிவார்; களவு போயின், பொருளை மீட்டுத் தரவேண்டும், மீட்க இயலாவிடின் ஈடு கட்டவேண்டும். அதற்கு ஈடாக நெல், மீன், எண்ணெய், பாக்கு முதலியவற்றின்மேல் சிறு வரி பெறுவார். திருட்டுப் போன பொருளுக்குக் காவலனே பொறுப்பு என்னும் அந்த ஏற்பாட்டைக் கேட்டு இக்கூட்டத்தில் சிலர் பெருமூச்சு விடுவது எமக்குக் கேட்கின்றது.

இனிச் சொல்லப்புகுவது சற்றுக் கசப்பானது; சொல்லாது விட்டால் எம் பேச்சு முழுமை பெறாது. பழைய சென்னையில் வலங்கை, இடங்கை என்ற இரு பிரிவினர்க்கிடையே ஓயாத பூசல் நிலவியது. இன்ன சாதியார் இன்ன கையார் என்று ஈண்டுப் பட்டியல் போடப்புகுந்தோமல்லோம். எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது, எவர்க்குக் குடை, எவர்க்குக் கொடி என்பவையே பூசலின் வித்து. ஊர் தோன்றிப் பதின்மூன்று ஆண்டுகூட நிரம்பாத 1652-இலேயே இது மூண்டது. தாமஸ் பிட் கவர்னராயிருந்த 1707-இல் கலகம் முற்றி, பெத்துநாயக்கன் பேட்டை ஒருசாரார்க்கு, முத்தியாலுப்பேட்டை மறுசாரார்க்கு என்று பிரித்து எல்லைக்கல் நடும் அளவுக்குச் சென்றது. மனம் பொறாத பல குடிகள் ஊரைவிட்டுச் சாந்தோமுக்குப் பெயர்ந்தன. நகரில் வேலைகள் தடைப்பட்டன. கும்பினியார்க்கு நம் குடையும் விளங்கவில்லை, கொடியும் விளங்கவில்லை. சரக்கு ஏற்றுவார் இல்லையே என்பதே அவர் கவலை. நம் மணவூர்வலம் எத்தெருவிற் செல்வது என்பதைத் தீர்மானிக்க ஆங்கில வணிகனைக் கூப்பிட்டுவந்து கல் நடச்சொன்னவர்கள் இருதிறத்து மூத்தோருமே. குலத்தின் பெயரால் கூடியிருக்கும் அவையில் நின்று யாம் இதனைக் கூறுகின்றோம். சினம் கொள்பவர் கூட்டம் முடிந்தபின் எம்மைத் தனியே காண்பாராக.

அதே பிட் துரைதான் 410 காரட்டு எடையுள்ள வைரக்கல்லை 1702-இல் ஜாம்சந்து என்னும் வணிகரிடம் 48,000 வராகனுக்கு வாங்கி, 1717-இல் பிரான்சு நாட்டு ஆட்சிக்காவலருக்கு 1,35,000 பவுனுக்கு விற்றவர். அதன் கதையைப் பலரும் பலவாறு எழுதியுள்ளமையால் யாம் விரிக்கவில்லை.

பிட் காலத்துச் சென்னையில் ஒரு கிழவர் இருந்தார், பெயர் நிக்கோலாவோ மனூச்சி, ஊர் வெனிசு. பதினான்கு பதினைந்து வயதிலேயே வீட்டைவிட்டோடிக் கப்பலேறி, தில்லி சேர்ந்து, தாரா ஷுகோவின் பீரங்கிப் படையில் ஊழியம் புரிந்தார். தாரா வீழ்ந்த பின்னர் வைத்தியராக வேடம் பூண்டார்! கல்லூரியில் கற்ற வைத்தியமன்று; துணிவே மருந்து. ஆயினும் அரசமாளிகை அந்தப்புரம்வரை சென்று குருதி வாங்கும் அளவுக்குக் கைராசி பெற்றார். 1686-இல் சென்னையில் ஓர் ஆங்கிலேயரின் கைம்பெண்ணை மணந்து, தோட்டமுள்ள வீட்டில் குடியமர்ந்தார். பாரசீகமும் மொகலாயர் மரியாதைமுறையும் நன்கறிந்தவராதலின், 1701-இல் தாவூத்கான் பன்னியிடம் தூதாகக் கும்பினியார் அனுப்பியது இவரைத்தான். மறு ஆண்டே தாவூத்கான் சென்னையை முற்றுகையிட்டுப் பொருள் பெற்றுக்கொண்டு நீங்கினான் என்பதால், தூது முழுவெற்றி என்று கூறல் இயலாது.

மனூச்சி இங்கிருந்துதான் மொகலாயர் வரலாற்றை எழுதினார். ஓவியங்களோடு கையெழுத்துப் படியைப் பாரிசுக்கு அனுப்ப, அங்கே காத்ரூ என்னும் பாதிரியார் அதனை எடுத்து மாற்றித் தம் நூலாக 1705-இல் அச்சிட்டுவிட்டார். கிழவர் கொதித்தெழுந்து மற்றொரு படியை வெனிசு நகர அவையாருக்கு அனுப்பினார். நூல் முழுவதையும் வில்லியம் இர்வின் என்பார் ஆங்கிலத்தில் வெளியிட்டது 1907-இல் தொடங்கியே. எழுதியவன் இறந்து இருநூறாண்டுக்கு அணித்தாக அவன் நூல் அவன் பெயரால் முழுமையாக வெளிவந்தது! ஏட்டுச்சுவடிகளை இரவல் வாங்கித் தம் பெயரால் பதிப்பித்த புண்ணியவான்களை அறிந்த தமிழாசிரியர்க்கு மனூச்சியின் வயிற்றெரிச்சல் நன்கு விளங்கும்.

கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனியரைப்பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். பவளமும் பட்டும் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய அவர், அதனைச் செலவிட்ட வகைதான் சிறப்பு. 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் தம்பொருளால் பாலம் கட்டினார். அதற்கு முன்னர் வெள்ளக்காலத்தில் பரங்கிமலைக்குப் போவோர் ஆற்றங்கரையிற் காத்துக்கிடந்தனர். மலைமேல் ஏறப் படிகளும் அமைத்தார். பாலத்தையும் படிகளையும் செப்பனிடப் பிற்காலத்துக்கென்று பொருளும் ஒதுக்கிவைத்தார். கட்டுவோர் உலகிற் பலர். கட்டியதைப் பேணப் பணம் வைத்தவர் சிலரே. பாலத்தருகே பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் ஆகிய மொழிகளில் எழுதிய கல்லொன்று நெடுங்காலம் நின்றது. மாம்பலம் என்ற ஊர்ப்பெயரை 'மர்மலாங்' என்று திரித்து அதனையே பாலத்துக்கும் ஆங்கிலேயர் சூட்டினர். அப்பழம்பாலம் போய், இப்பொழுது அவ்விடத்துள்ள பாலம் மறைமலையடிகள் பெயரால் வழங்குகின்றது. திரிந்த சொல் நீங்கித் தனித்தமிழ் நெறியாளர் பெயர் வந்து அமர்ந்தது எமக்கு மகிழ்ச்சியே. பெத்ரூஸ் பெயரும் ஒரு மூலையில் இருந்திருக்கலாம் என்பதும் எம் ஆசை.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபொழுது, புதுச்சேரிக்கு வந்து குடியேறினால் உடைமை மீளும் என்று அவருக்கு ஆசைகாட்டினர். தாம் சென்னையில் ஈட்டியதைச் சென்னையிலேயே இழப்பதாகக் கூறி மறுத்தார்; சரக்கெல்லாம் பறிபோயிற்று. 1749-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மீண்டது. 1751-இல் பெத்ரூஸ் இறந்தார். உடல் வேப்பேரிக் கோயிலிலும், அவர் விரும்பியவாறே நெஞ்சு ஒரு பேழையில் வைத்துப் பாரசீகத்து ஜுல்பா நகரிலும் அடக்கஞ்செய்யப் பெற்றன. பிறந்த ஊருக்கு நெஞ்சும் பிழைத்த ஊருக்கு உடலுமாக அவர் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்.

அவ்வேப்பேரியிலேதான் தமிழுக்கு ஓர் அரும்பணி நடந்தது. பப்பிரீசியர் என்னும் செர்மானியப் பாதிரியார் அங்கு வாழ்ந்தார். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபொழுது கொள்ளையாக வந்த அச்சுப்பொறி ஒன்றைக் கும்பினியார் அவரிடம் ஒப்படைத்தனர். சர்க்கார் வேலையையும் அச்சிட்டுத் தரவேண்டும் என்பது நிபந்தனை. அப்பொறியின் துணையால் 1779-இல், உடனூழியர் பிரைத்தாவுப்டு என்பாரோடு, ஏறத்தாழ ஒன்பதினாயிரம் சொற்கள் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியை அவர் வெளியிட்டார். மறைநூல் மொழிபெயர்ப்புக்கும் பல்லாண்டு உழைத்தார். சொல்லை எடைபோடத் தெரிந்த அம்மனிதருக்கு மனிதரை எடைபோடத் தெரியவில்லை. பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை ஆர்க்காட்டு நவாபைச் சேர்ந்தவர்க்கு வட்டிக்குக் கொடுத்தார். நவாபின் வீட்டுக் கடன் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. கடன்காரர் நெருக்க, அகராதி கண்ட முதியவர் சிறையிற் கிடந்தார். 1791-இல் வறுமையில் இறந்தார். அவருக்குப் பின்னெழுந்த பேரகராதிகளைப் புரட்டும் நாம் அவர் தூக்கிவைத்த அடிக்கல்லை நினைப்பதில்லை. தமிழ்க் கல்வியாற் பிழைக்கும் எம்போல்வார்க்கு இது தீராக் கடன். அக்கடனுக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை என்பதே நமக்கு வசதி.

ஸ்டீவன் பாபாம் என்ற வழக்கறிஞர் முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்துநாயக்கன் பேட்டைக்கும் இடைப்பட்ட பள்ளத்தை மேடாக்கி ஒரு வீதி சமைத்தார். அதுவே பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. ஒருகாலத்தில் இரு கையாரையும் பிரித்துநின்ற இடம் எல்லார்க்கும் பொதுவழியாயிற்று. ஊர்க்காவலுக்கும் சாக்கடைக்கும் திட்டம் எழுதி எழுதி அதிகாரிகளைத் துன்புறுத்தி, 1795-இல் வண்டியிலிருந்து விழுந்து இறந்தார்.

நிறைவாக ஒருவர்: அவதானம் பாப்பையர். 1789-இலும் 1790-இலும் ஹாலந்து என்னும் உடன்பிறந்தார் இருவர் ஒருவர்பின் ஒருவராகச் சென்னைக் கவர்னர் பதவியில் இருந்தனர். தம்பியார் இருந்தது ஒரு வாரந்தான். இருவர்க்கும் துபாஷி பாப்பையர். கவர்னர் வாசலில் நுழையவேண்டுவோர் முதலில் பாப்பையர் வாசலில் நிற்கவேண்டும் என்ற நிலை அந்நாளில் இருந்தது. ஹாலிபர்ட்டன் என்னும் வருவாய்த் துறை அதிகாரி அவருக்கு வளைந்துகொடுக்கவில்லை. ஆகவே பொய்ச்சான்று கூட்டி அவரைப் பதவியினின்று பெயர்க்கச் சதி நடந்தது. துரைமார் கப்பலேறிய பின்னர்க் காற்று மாறியது. 1792-இல் பாப்பையரும் கூட்டாளிகளும் விசாரிக்கப்பெற்றுக் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயினர். பயன் பெற்ற துரைமார் கூண்டில் நிற்கவில்லை என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். விசாரணை முழுதும் நூலாக அச்சேறியது. ஸ்காத்லாந்துப் புனைகதையாசிரியர் வால்டர் ஸ்காட்டு, இந்தியாவைக் கண்ணாற் காணாதவர், 1827-இல் எழுதிய கதையொன்றில் இவரைப் பெயரோடே ஒரு பாத்திரமாக்கிவிட்டார். சூளையில் அவதானம் பாப்பையர் சாலை இன்றும் இருக்கின்றது. இக்கூட்டத்துக்கு வடக்கிலிருந்து வந்தவர்களுள் பலர் அவ்வழியாகவே வந்திருப்பீர்கள்.